லில்லி டீச்சரின் பத்து கிலோமீட்டர்

லில்லி நடப்பதை முதல்முறை பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். இடுப்பு ஒரு பக்கம் ஒடிந்து மறுபக்கம் ஒடியும். முழங்கைகள் விலாவை ஒட்டி முன்னும் பின்னும் வெட்டும். ஓடுகிறாளா நடக்கிறாளா என்று கண்ணுக்குப் பிடிபடாது. பாலுசெட்டிசத்திரம் சாலையில் விடிந்ததும் பால் கேன் கட்டிக்கொண்டு போகிற வண்டிக்காரர்கள் வேகத்தைக் குறைத்து ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவார்கள். ஆரம்பத்தில் அவளுக்குக் கூச்சமாக இருந்தது. துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு நடந்தாள். ஒரு வருடம் போனதும் துப்பட்டா வீட்டிலேயே தங்கிவிட்டது. அடுத்த வருடம் டிராக் பேண்ட் வந்தது. அதற்குப் பிறகு சிரிக்கிறவர்கள் பக்கம் அவள் திரும்புவதே இல்லை. தலையைத் திருப்பினால் தோள் கோணும், தோள் கோணினால் முட்டி மடங்கும்.

முட்டி மடங்கக் கூடாது. வேகநடைப் போட்டியின் முதல் சட்டமே அதுதான். முன்னால் வைக்கிற கால் தரையைத் தொட்டதிலிருந்து, உடம்பு அதற்கு நேர் மேலே வரும்வரை விறைப்பாக இருக்க வேண்டும். இன்னொன்று, எப்போதும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக எழும்பினால் அது ஓட்டம். வழிநெடுக நடுவர்கள் நின்று கால்களை மட்டும் பார்ப்பார்கள். மஞ்சள் அட்டை காட்டினால் எச்சரிக்கை. சிவப்பை நடப்பவரிடம் காட்டமாட்டார்கள், பலகையில் எண்ணுக்கு நேரே குறித்துவிடுவார்கள். மூன்று சிவப்பு என்றால் வெளியே போக வேண்டியதுதான்.

லில்லி முசரவாக்கத்தில் அங்கன்வாடிப் பணியாளர். முட்டை அவிப்பது, சத்துமாவு உருண்டை பிடிப்பது, அழுகிற பிள்ளைக்கு மூக்குத் துடைப்பது, கர்ப்பிணிகளை எடை போட்டு எழுதி வைப்பது, இதெல்லாம் அவள் வேலை. கணவன் சத்யராஜ் காஞ்சிபுரம் பேருந்து நிலையத்துக்கும் பாலுசெட்டிசத்திரத்துக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். ஒரே மகள் கிரேஸ் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள்.

நாற்பத்து மூன்று வயதில் லில்லிக்குச் சர்க்கரை வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்தாள். அப்போது பள்ளியில் கோகோ ஆடிக்கொண்டிருந்த கிரேஸை ஞாயிற்றுக்கிழமைகளில் காஞ்சிபுரம் ஸ்டேடியத்துக்கு அழைத்துப் போவாள். மகள் ஆடி முடிக்கும்வரை சும்மா உட்கார மனமில்லாமல் டிராக்கைச் சுற்றுவாள். அங்கே பட்டுக்கடை முதலாளிகள் தொப்பையைத் தள்ளிக்கொண்டு ஊர்க்கதை பேசியபடி நடப்பார்கள். புடவையைத் தூக்கிச் செருகிய இந்தப் பெண் அவர்களை ஒவ்வொரு சுற்றிலும் தாண்டிப் போவாள். அதை ஒருநாள் தேவேந்திரன் பார்த்தார். அரசுப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மூத்தோர் தடகளப் போட்டிகளில் இரும்புக் குண்டு எறிகிறவர்.

"எம்மா, நீங்க நடைப்போட்டிக்கு எங்கியாவது போயிருக்கிறீங்களா?" என்று கேட்டார்.

"நடக்கறதுக்குக்கூட போட்டி வெப்பாங்களா சார்?"

"வெப்பாங்க. உங்களுக்கு முட்டி மடங்கவே இல்லியே. ஆளுங்க இதுக்காக வருசக்கணக்குல பாடுபடுறாங்கம்மா."

அப்படித் தொடங்கியதுதான். மாவட்டம், மாநிலம் என்று போய், ஐம்பத்தோராவது வயதில் தேசியப் போட்டியில் ஐயாயிரம் மீட்டர் வேகநடையில் வெண்கலம் வாங்கினாள். அந்த வெண்கலம் அவளைப் போலந்தில் நடக்கவிருந்த சர்வதேச மூத்தோர் போட்டிக்குத் தகுதியாக்கியது. லூப்ளின் என்று ஒரு ஊர். கிரேஸ் போனில் வரைபடத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். சத்யராஜ் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தான்.

"அவ்ளோ தூரம் போயி நடக்கணுமா?" என்றான். கேலிதான். ஆனால் மறுநாளே டிராவல்ஸில் பேசி டிக்கெட்டுக்கு ஏற்பாடு செய்தது அவன்தான்.

விசாவுக்கு வேலை செய்யும் இடத்திலிருந்து தடையின்மைச் சான்று வேண்டும் என்றார்கள். லில்லி துறை அலுவலகத்தில் மனு கொடுத்தாள். போலந்துக்குப் போகவிருந்த குழுவில் மற்றவர்கள் எல்லாம் ஒருவாரத்தில் தங்கள் சான்றை வாங்கிக்கொண்டு விசா மையத்துக்குப் போய்விட்டார்கள். அவளுடைய மனு மட்டும் மேசையை விட்டு நகரவில்லை. அங்கன்வாடிப் பணியாளர் வாங்குவது சம்பளம் அல்ல, மதிப்பூதியம். அப்படியென்றால் அவர் அரசு ஊழியரா இல்லையா? அந்தச் சந்தேகத்தில் கோப்பு சென்னைக்குப் போயிற்று.

லில்லி தினமும் சாயங்காலம் பிள்ளைகள் வீட்டுக்குப் போனதும் கதவைப் பூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போவாள். உட்காரச் சொன்னால் உட்காருவாள், இல்லையென்றால் நிற்பாள். சண்டை போடமாட்டாள், கெஞ்சவும் மாட்டாள். அவள் தலை தெரிந்தாலே அந்தப் பிரிவு எழுத்தர் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்.

"நீங்க கவர்மென்ட் ஸ்டாஃபா இருந்தா நாங்க சர்ட்டிஃபிகேட் குடுக்கணும். இல்லன்னா நாங்க குடுக்கவே முடியாது. நீங்க எதுன்னு மேல கேட்டு எழுதியிருக்குதும்மா."

"நான் எதுன்னு நானே சொல்றேன் சார்," என்றாள் லில்லி. "எலக்‌ஷன் வேல குடுக்க சொல்ல நான் கவர்மென்ட் ஸ்டாஃபு. வீடு வீடா கணக்கெடுக்க சொல்ல கவர்மென்ட் ஸ்டாஃபு. வெளிநாடு போவ சொல்ல மட்டும் நான் யாரோவா?"

எழுத்தர் சிரித்துவிட்டார். நல்ல மனிதர்தான். அவர் கையில் ஒன்றுமில்லை என்பது லில்லிக்கும் தெரியும். ஆனால் தான் வராமல் போனால் அந்தக் கோப்பை யாரும் நினைக்கமாட்டார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். கடைசியில் ஆடி பிறந்த பிறகு சான்று வந்தது. லில்லி பயணம் செய்வதில் துறைக்கு ஆட்சேபனை இல்லை என்று ஒற்றை வரி. அந்த வரி அவள் கைக்கு வந்தபோது மற்றவர்களின் பாஸ்போர்ட்டில் விசா ஒட்டியாகிவிட்டது.

கிரேஸ் லீவு போட்டு அம்மாவைச் சென்னைக்குக் கூட்டிப்போனாள். விசா மையத்தில் கைரேகை எடுத்த பெண் தேதிகளைப் பார்த்துவிட்டுத் தயங்கினாள்.

"ட்ராவல் டேட் ரொம்பக் கிட்ட இருக்கு மேடம். பேப்பர்ஸ் எல்லாம் சரியா இருந்தாலும் டைம் எடுக்கும். அதுக்குள்ள வராமப் போகவும் சான்ஸ் இருக்கு. அப்ளை பண்றீங்களா?"

"பண்றேம்மா."

"ஒரு தடவ யோசிச்சுக்கோங்க மேடம்."

"யோசிச்சிட்டுத்தாம்மா பஸ் ஏறனேன்," என்றாள் லில்லி. அடுத்த விரலை எடுத்து வைத்தாள்.

பாஸ்போர்ட் போய்விட்டது. இனி காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. ஆனால் ஊர் காத்திருக்கவில்லை. முசரவாக்கம் கூட்டு ரோட்டில் யாரோ ஆர்வத்தில் ஒரு பிளெக்ஸ் போர்டு வைத்துவிட்டார்கள். விமானம் ஒரு மூலையில் பறக்க, லில்லியின் பாஸ்போர்ட் சைஸ் படத்தை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி, 'அயல்நாடு செல்லும் எங்கள் சிங்கப்பெண்ணே' என்று போட்டிருந்தார்கள். கீழே வாழ்த்துவோர் படங்கள் இருபதுக்கு மேல் இருந்தன. அதில் பலருக்கு அவள் என்ன போட்டியில் கலந்துகொள்கிறாள் என்பதே தெரியாது. ஒருவர் நீச்சல் என்று நினைத்திருந்தார்.

அந்தப் போர்டுக்குக் கீழேதான் அவள் தினமும் நடந்து போக வேண்டியிருந்தது.

"இன்னா டீச்சர், இன்னும் போவலியா?" என்று டீக்கடையில் கேட்பார்கள்.

"விசா வரணும்பா."

"வந்துடுமா?"

"வரும்."

மறுநாளும் அதே கேள்விதான், அவளும் அதே பதிலைத்தான் சொன்னாள். சொல்லும்போது குரல் உயரவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஆனால் உள்ளே அவளுக்கு வெந்துகொண்டிருந்தது. கிரேஸ் நாளுக்குப் பத்துத் தடவை போனில் விண்ணப்ப எண்ணைப் போட்டுப் பார்ப்பாள். பரிசீலனையில் உள்ளது என்றே வரும். அதைப் பார்க்கப் பிடிக்காமல் லில்லி போனை வீட்டில் வைத்துவிட்டு நடக்கப் போவாள். வழக்கமாகத் திருப்புட்குழிவரை போய்த் திரும்புகிறவள், இப்போது பாதி வழி திரும்பிவந்து மறுபடியும் திருப்புட்குழிக்கே போனாள். வீடு கிட்ட வந்தால் போன் ஞாபகம் வரும். அதனால் கால் தானாக மறுபக்கம் திரும்பிவிடும். ஆடி மாதம், அம்மன் கோயில் ஒலிபெருக்கிகள் விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். ஒரு கோயிலின் சத்தம் தேய்ந்து மறைவதற்குள் அடுத்த கோயிலின் சத்தம் வந்துவிடும். அந்தச் சத்தத்துக்கு நடுவே வியர்த்து ஊற்றிக்கொண்டு அவள் நடந்தாள்.

அங்கன்வாடியில் உதவியாளர் பெரியநாயகி. லில்லியைவிட ஏழெட்டு வயது மூத்தவள், ஊருக்குள் நிலபுலம் உள்ள வீட்டுக்காரி. லில்லி போய்விட்டால் மையத்தை அவள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"இப்டியே நடந்துக்கினு இருந்தீங்கன்னா விசாவே வேணாம் டீச்சர், போலந்துக்கே நடந்து பூடலாம்," என்றாள் பருப்பைக் கிண்டியபடி.

லில்லி சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "வரலன்னா இன்னா பண்றது அக்கா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை அவள் வாய்விட்டுக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

பெரியநாயகி கரண்டியை ஓரமாக வைத்தாள். "வரலன்னா வரல. இன்னிக்கி பண்ண வேண்டியத இன்னிக்கி பண்ணிக்கினுதான இருக்கிறீங்க? அப்பால இன்னா?"

குழு கிளம்புகிற நாள் வந்தது. பாஸ்போர்ட் வரவில்லை. குழுவோடு போகிற தேவேந்திரன் விமான நிலையத்திலிருந்து கூப்பிட்டார். பின்னால் அறிவிப்புச் சத்தம் கேட்டது.

"லில்லிம்மா, நாங்க உள்ள போறோம். மனசு கேக்கல."

"நீங்க போங்க சார். குண்டு நல்லா எறிங்க. நான் பின்னால வர்றேன்."

போனை வைத்ததும் சத்யராஜ் டிக்கெட் பேச்சை எடுத்தான். டிராவல்ஸ்காரர் தேதியைத் தள்ளி வைக்கலாம், இல்லை ரத்து செய்யலாம் என்கிறார். எதைச் சொல்வது?

"தள்ளி வெக்கச் சொல்லுங்க."

"எத்தினி நாளைக்கு லில்லி? உனக்கும் பேஜாரு, எனக்கும் பேஜாரு. அடுத்த வருசம் பாத்துக்கலாமே."

"போட்டி முடியறவரிக்கும் தள்ளி வெக்கச் சொல்லுங்க. முடிஞ்சப்பறம் அடுத்த வருசத்தப் பத்திப் பேசலாம்."

அவள் அப்படிப் பேசினால் மேலே பேச முடியாது என்பது அவனுக்குப் பழகியிருந்தது. கல்யாணமான புதிதில், அங்கன்வாடி வேலைக்குப் போகாதே என்று அவனுடைய அம்மா சொன்னபோதும் அவள் இதே குரலில்தான் பேசினாள்.

போட்டிகள் அங்கே தொடங்கிவிட்டன. லில்லியின் ஐயாயிரம் மீட்டருக்கு முந்தைய நாள் காலையில், முட்டை அவிந்துகொண்டிருக்கும்போது கிரேஸ் போன் செய்தாள். "மா, முடிவு எடுத்துட்டாங்களாம். பாஸ்போர்ட் வந்துடுச்சாம். சென்டர்ல போய் வாங்கிக்கச் சொல்லி மெசேஜ்."

"முடிவு இன்னா?"

"அது போடலமா. கவரைப் பிரிச்சாதான் தெரியும்."

சத்யராஜ் ஆட்டோவை நிலையத்தில் போட்டுவிட்டு வந்தான். இருவரும் பேருந்தில் சென்னைக்குப் போனார்கள். கவுன்டரில் கொடுத்த கவரை அவள் அங்கேயே பிரிக்கவில்லை. வெளியே வந்து, நடைபாதையில் ஒரு இளநீர்க் கடைக்குப் பக்கத்தில் நின்று பிரித்தாள். பாஸ்போர்ட்டைப் புரட்டினாள். வெற்றுப் பக்கம், வெற்றுப் பக்கம். பிறகு பச்சையும் நீலமுமாக ஒரு பக்கம் முழுக்க ஒட்டியிருந்தது, அவள் முகத்தோடு.

"வந்துடுச்சிங்க," என்றாள்.

சத்யராஜ் அதை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்ததை அவள் பார்க்காத மாதிரி இருந்தாள். அவனே பிறகு மெதுவாகக் கேட்டான். "இப்போ ஏறினாலும் நாளிக்கி சாயங்காலம்தான போய் சேருவ? உன் போட்டி நாளிக்கி காலையில."

அவளும் அந்தக் கணக்கைப் பேருந்திலேயே போட்டுப் பார்த்திருந்தாள். தேவேந்திரனுக்குப் போன் போட்டாள்.

"சார், விசா வந்துடுச்சி."

"ஐயோ, ஒருநாள் முன்னாடி வந்திருக்கக் கூடாதாம்மா," என்றார்.

"நடையில வேற எதுவும் இல்லியா சார்?"

"கடைசி நாள் ரோடு வாக் இருக்குது. பத்து கிலோமீட்டர். ஆனா நீங்க அதுக்குப் பேர் குடுக்கல. நீங்க பத்து கிலோமீட்டர் போட்டியில நடந்ததும் இல்ல. நான் கேட்டுப் பாக்கறேன், ஆனா முடியாதுன்னும் சொல்லலாம்மா. அவ்ளோ தூரம் வந்து வேடிக்க பாத்துட்டுப் போற மாதிரி ஆயிடும்."

"நீங்க கேளுங்க சார். நான் கெளம்பறேன்."

போனை வைத்துவிட்டுச் சத்யராஜைப் பார்த்தாள். அவன் பாஸ்போர்ட்டை அவள் கையில் திருப்பிக் கொடுத்தான்.

"சொல்லுங்க," என்றாள்.

"ஒருவேள அவங்க விடலன்னா?"

"விடலன்னா மத்தவங்க எப்டி நடக்கறாங்கன்னு பாத்துட்டு வர்றேன். கண்ணால பாத்தாத்தான அடுத்த தடவ எப்டி நடக்கணும்னு தெரியும்? இங்கியே இருந்துக்கினு அந்த போர்டு கீழ என்னால நடக்க முடியாதுங்க."

அன்று மாலையே விமானத்தில் இடம் கிடைத்தது. பை இரண்டு வாரமாகக் கட்டித் தயாராகத்தான் இருந்தது. கிரேஸ் அதை ஒரகடத்தில் வேலை செய்கிற தோழியின் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு நேராக விமான நிலையத்துக்கு வந்துவிட்டாள். பையில் நடைக் காலணி, இந்தியா என்று எழுதிய பனியன், ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல், சர்க்கரை மாத்திரை. லில்லி அதற்குமுன் விமானத்தை ஆகாயத்தில்தான் பார்த்திருக்கிறாள். பெல்ட்டை எப்படிப் போடுவது என்று பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். தோஹாவில் விமானம் மாறும்போது வழி தெரியாமல் சீருடை போட்ட ஒவ்வொருவரிடமும் டிக்கெட்டை நீட்டி நீட்டி, சரியான வாசலுக்கு எல்லோருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்தாள். வேகமாக நடப்பது அவளுக்குப் பிரச்சினை இல்லையே.

வார்சாவில் குடியேற்ற அதிகாரி இளைஞன். அழைப்புக் கடிதத்தைப் படித்தான். தேதியில் விரலை வைத்தான். இந்தப் போட்டி இன்று காலையிலேயே முடிந்துவிட்டதே என்றான் ஆங்கிலத்தில்.

"யெஸ் சார். விசா லேட். ஃபைவ் கிலோமீட்டர் ஃபினிஷ்," என்றாள் லில்லி. "சண்டே டென் கிலோமீட்டர். ஐ வாக்."

பத்துக்கு உன் பெயர் இருக்கிறதா என்று கேட்டான். பொய் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

"நோ சார். ஐ ஆஸ்க்."

அவன் அவளையும் விசாவில் அது வழங்கப்பட்ட தேதியையும் மாறி மாறிப் பார்த்தான். திரும்புகிற டிக்கெட்டைக் கேட்டான், தங்கும் இடத்தைக் கேட்டான். கொடுத்தாள். முத்திரை விழுந்தது. அவன் ஏதோ சொன்னான். அவளுக்கு முழுதாகப் புரியவில்லை, ஆனால் சிரித்தபடி சொன்னதால் நல்லதாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டாள்.

லூப்ளினுக்குப் பேருந்து. இரண்டு பக்கமும் கோதுமை அறுத்த நிலங்கள் மடித்து வைத்த பாய் போலக் கிடந்தன. பொழுது சாய்ந்தும் வெளிச்சம் போகாமல் இருந்தது. நிறுத்தத்தில் தேவேந்திரன் கையில் ஒரு ஸ்வெட்டருடன் நின்றார். அவருக்குக் குண்டு எறிதலில் நான்காம் இடம்.

"வழியில இன்னா சாப்டீங்க?" என்று தொடங்கினார். அவளோ, "பத்து இன்னா ஆச்சு சார்?" என்றாள்.

"காலையில ரெஃப்ரியப் பாக்கச் சொல்லியிருக்காங்க. நேர்ல வரட்டும், பாஸ்போர்ட்டக் காட்டட்டும், பாக்கலாம்னாங்க."

மறுநாள் காலையில் ஸ்டேடியத்துக்குப் போனார்கள். வாசலில் முடிவுகள் ஒட்டியிருந்தன. தேவேந்திரன் அந்தப் பக்கம் நிற்காமல் வேகமாக அவளை உள்ளே கூட்டிப்போகப் பார்த்தார். லில்லி நின்றுவிட்டாள்.

"பாக்காதீங்கம்மா," என்றார்.

அவள் பார்த்தாள். பெண்கள், ஐம்பது வயதுப் பிரிவு, ஐயாயிரம் மீட்டர் வேகநடை. அவள் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று போட்டிருந்தது. மூன்றாம் இடம் வாங்கியவரின் நேரத்தைப் படித்தாள். அது தேசியப் போட்டியில் அவள் நடந்த நேரத்தைவிட மெதுவானது.

கொஞ்ச நேரம் அந்தத் தாளின் முன்னாலேயே நின்றாள். அந்தப் பெண்ணின் மேல் கோபம் வரவில்லை. அந்த எழுத்தர் மேலும் வரவில்லை. யார் மேலும் கோபப்பட முடியாதது அவளை இன்னும் வாட்டியது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "வாங்க சார், ரெஃப்ரி எங்க?" என்றாள்.

ரெஃப்ரி வயதான பெண்மணி. வெள்ளைத் தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். தேவேந்திரன் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினார். லில்லி பாஸ்போர்ட்டைப் பிரித்து விசாப் பக்கத்தை அவர் முன்னால் வைத்தாள். அவர் தேதியைப் படித்தார். வேறொருவரைக் கூப்பிட்டு அவர்கள் மொழியில் பேசினார். இருவரும் தலையை ஆட்டினார்கள், அசைத்தார்கள், மறுபடி பேசினார்கள். லில்லிக்கு அங்கன்வாடியில் பிள்ளை சேர்க்க வந்து நிற்கிற தாய்மாரின் முகங்கள் நினைவுக்கு வந்தன. கடைசியில் அந்தப் பெண்மணி இவள் காலணியைச் சுட்டிக்காட்டி ஏதோ கேட்டார்.

"பத்து கிலோமீட்டர் முழுசா நடந்திருக்கியான்னு கேக்கறாங்க," என்றார் தேவேந்திரன்.

"இந்த ஆடி மாசம் பூரா நடந்தேன்னு சொல்லுங்க சார்."

அவர் அதை எப்படிச் சொன்னாரோ, அந்தப் பெண்மணி ஒரு எண் அட்டையை எடுத்துக்கொண்டு வந்து லில்லி கையில் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மெல்லிய குளிர். ஒரு பூங்காவை ஒட்டிய சாலையில் இரண்டு கிலோமீட்டர் வளையம், அதை ஐந்து முறை சுற்ற வேண்டும். லில்லிக்கு முதல் சுற்றில் கை விரல்கள் விறைத்துப்போயின. முசரவாக்கத்தில் முதல் அடியிலேயே வியர்க்கும். இங்கே முதல் சுற்று முடிந்தும் நெற்றி காய்ந்தே இருந்தது. இரண்டாம் சுற்றில் உடம்பு சூடாயிற்று. மூன்றாவதில் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது, கால் ஓயவே இல்லை. முன்னால் போனவர்களை ஒவ்வொருவராகத் தாண்டினாள். அவள் வயதுப் பிரிவில் நான்காவதாக இருப்பதாகத் தேவேந்திரன் ஓரத்திலிருந்து கத்தினார். மூன்றாவதாகப் போகிறவளின் முதுகு அவள் கண்ணுக்குத் தெரிந்தது, சிவப்புப் பனியன், பின்னிய சடை. தாளில் மூன்றாம் இடத்தில் பார்த்த பெயர்தானோ என்று ஒரு நினைப்பு வந்தது. அவள் வேகத்தைக் கூட்டினாள்.

அங்கேதான் தவறினாள். நான்காம் சுற்றில் ஒரு நடுவர் அவள் முகத்துக்கு நேரே மஞ்சள் அட்டையை நீட்டினார். முட்டி. அடுத்த திருப்பத்தில் இன்னொருவரும் காட்டினார். சுற்றை முடித்துப் பலகையைக் கடக்கும்போது பார்த்தாள். அவள் எண்ணுக்கு நேரே அதற்குள் இரண்டு சிவப்பு விழுந்திருந்தது.

இன்னும் ஒன்று விழுந்தால் இத்தனை தூரம் வந்ததற்கு அடையாளமே இல்லாமல் போகும். சிவப்புப் பனியன் இப்போது இன்னும் கிட்டத்தில் இருந்தது. விட்டால் போய்விடும். லில்லி பல்லைக் கடித்துக்கொண்டு வேகத்தைக் குறைத்தாள். ஒவ்வொரு அடிக்கும் முன்காலை விறைத்து, குதிகாலை ஊன்றி, உடம்பு தாண்டும்வரை விடாமல் பிடித்து, மெதுவாக என்றாலும் சுத்தமாக நடந்தாள். பின்னாலிருந்து ஒருத்தி தாண்டினாள். கொஞ்சம் பொறுத்து இன்னொருத்தியும் தாண்டினாள். அவள் யாரையும் துரத்தவில்லை. சிரிக்கிறவர்களைப் பார்க்காமல் இருக்கப் பழகிய அதே கழுத்தோடு, நேரே பார்த்தபடி, கோட்டைத் தாண்டினாள்.

ஆறாவது இடம்.

புல்தரையில் உட்கார்ந்து காலணியைக் கழற்றியபோது இரண்டு கட்டைவிரல் நகங்களும் கருத்திருந்தன. தேவேந்திரன் போனைக் கொடுத்தார். அந்தப் பக்கம் சத்யராஜ். பின்னால் ஆட்டோ இன்ஜின் சத்தம் கேட்டது. சவாரியை நிறுத்திவிட்டுப் பேசுகிறான் போல.

"எத்தினாவது?"

"ஆறாவது."

"முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேங்க."

"கால் எப்டி இருக்குது?"

"வலிக்குது. ஆனா இன்னும் போவும்," என்றாள். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று அவளுக்குத் தோன்றியது. ஐந்து கிலோமீட்டரில் எப்போதும் மூச்சு முட்டி முடிப்பாள். இன்று கோட்டைத் தாண்டியபோது அவளிடம் இன்னும் மிச்சம் இருந்தது.

ஊர் திரும்பியதும் பதக்கம் எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம், வாங்கவில்லை என்று நேராகவே சொன்னாள். சிலர் ஆறுதல் சொன்னார்கள், சிலர் அவ்வளவு செலவு செய்து போனது எதற்கு என்று காதுபடப் பேசினார்கள். பெரியநாயகி மட்டும் அங்கே பிள்ளைகளுக்கு என்ன சாப்பாடு போடுகிறார்கள் என்று விசாரித்தாள். லில்லி நகம் விழுந்து முளைக்கும்வரை காத்திருக்கவில்லை. காலணியின் முன்பக்கத்தில் பஞ்சு வைத்துக்கொண்டு அடுத்த வாரமே சாலையில் இறங்கிவிட்டாள். இம்முறை முட்டியை மட்டும் கவனித்தாள். கிரேஸ் ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்து போனில் படம் பிடித்துக் காட்டினாள். எந்தத் தூரத்தில் கால் மடங்கத் தொடங்குகிறது என்று இருவரும் உட்கார்ந்து பார்த்தார்கள்.

அந்த மார்கழியில் மாநிலப் போட்டி வந்தது. பெயர் கொடுக்கிற அன்று தேவேந்திரன் வழக்கம்போல ஐயாயிரம் மீட்டருக்கு நேரே எழுதப் போனார். லில்லி தடுத்தாள்.

"பத்து போடுங்க சார். அஞ்சு வேணாம்."

"ஏம்மா? உங்களுக்கு நல்லா வர்றது அஞ்சுதானே?"

"அது சீக்கிரம் முடிஞ்சிடுது சார்," என்றாள் லில்லி.